ஏரி மட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிறகு ஏன் ஒருவரைத் தேடிப் போகிறோம்?

சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் ஓர் அட்டவணை போடுகிறது. பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, செம்பரம்பாக்கம், வீராணம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், போன வருடம் இதே நாளில் எவ்வளவு இருந்தது, எல்லாம் அதில் உண்டு. காசு கிடையாது, பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. இருந்தும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம்மில் பலர் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் எடுத்துப் போடும் அதே எண்களுக்காகக் காத்திருக்கிறோம்.

எடுத்துப் போடுபவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒருவர் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்படியே தள்ளிவிடுவார். இன்னொருவர் மூன்று வரி எழுதுவார்: "செம்பரம்பாக்கம் மொத்தம் 24 அடி, 21 அடியைத் தாண்டிவிட்டது. உபரி நீர் திறப்பு அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை ஆற்றோரத்தில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள். சோழவரம் நிரம்பியது என்று குதிக்க வேண்டாம், அதன் கொள்ளளவே 1,081 மில்லியன் கன அடிதான், செம்பரம்பாக்கம் 3,645." முதலாமவரை நாம் மியூட் செய்து வைத்திருப்போம். இரண்டாமவரின் செய்தி அன்று வரவில்லை என்றால் "இன்னிக்கு என்ன ஆச்சு சார்?" என்று நாமே கேட்போம்.

இணையத்தில் ஏற்கெனவே கிடக்கும் விஷயங்களைத் தேடி, பொறுக்கி, ஒழுங்குபடுத்திக் கொடுத்து அதன் மூலம் ஒரு வாசகர் வட்டத்தை உண்டாக்கும் இந்த வேலையைத்தான் தொழில் வட்டாரத்தில் கண்டென்ட் க்யூரேஷன் என்கிறார்கள். தமிழில் தொகுப்பு என்று சொன்னால் போதும். இதற்கென்று ஏகப்பட்ட கருவிகள் இருக்கின்றன. எது நல்ல கருவி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது இரண்டாவது கேள்வி. சேர்ப்பதைக் கருவி செய்துவிடும். எதைத் தள்ளுவது, மிஞ்சியதைப் பற்றி யாருக்கு என்ன சொல்வது என்பது ஆள் செய்கிற வேலை, வாசகர் அதற்காகத்தான் வருகிறார். தமிழில் தொகுப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, இங்கே கருவியால் சேர்க்கும் வேலையைக்கூட முழுசாகச் செய்ய முடிவதில்லை. அதைப் பின்னால் விவரமாகப் பார்க்கலாம்.

வானிலையில் இது எப்படி நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று எல்லோரும் அறிந்த பிரதீப் ஜான் வானிலை ஆய்வு மையத்தின் அதிகாரி அல்ல. ரேடார் படம், நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களில் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுக்கும் மழை அளவு, அமெரிக்க, ஐரோப்பிய வானிலை மாதிரிகளின் கணிப்பு என்று இந்தத் துறையின் மூலப்பொருள் பெரும்பாலும் பொதுவெளியில் கிடைப்பதுதான். அவற்றைப் பழைய வருடங்களின் மழைக் கணக்கோடு ஒப்பிட்டு, "இன்று ஆபீஸ் போகலாம், பயப்படாதீர்கள்" என்கிற தொனியில் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அதிகாரப்பூர்வ அறிக்கையில் "ஓரிரு இடங்களில் கன மழை பெய்ய வாய்ப்பு" என்று இருக்கும். அந்த ஓரிரு இடத்தில் நம் தெரு உண்டா என்பதுதானே நம் கவலை!

தொகுப்பாளரை நம்பிப் படிக்கிற பழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. அமெரிக்காவில் 1922-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் தொடங்கியது. சென்னையில் கலைமகள் காரியாலயத்திலிருந்து 1947-ல் மஞ்சரி வந்தது, ஆசிரியர் தி.ஜ.ர. பல மொழிகளிலிருந்தும் பல இதழ்களிலிருந்தும் எடுத்த கட்டுரைகளைச் சுருக்கியும் மொழிபெயர்த்தும் கொடுத்த இதழ் அது. மூலக் கட்டுரைகளை எழுதியவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள், வாசகர் வாங்கியது ஆசிரியரின் தேர்வை. சென்னையைப் பற்றிய ஆங்கில இதழான மதறாஸ் மியூசிங்ஸ் 1991-ல் தொடங்கியபோதும், மயிலாப்பூர், அடையாறு பக்கம் வாரப் பத்திரிகைகள் வீட்டு வாசலுக்கு இலவசமாக வரத் தொடங்கியபோதும் இதே சங்கதிதான். ஊர் முழுக்க நடப்பதில் இந்த நாலு தெருவுக்கு எது வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்தார்.

இணையத்தில் இந்தப் பிரிக்கும் வேலைக்கு அடித்தளம் போட்டதில் சென்னைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஆர்எஸ்எஸ் என்ற வடிவத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆர்.வி. குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். ஆர்எஸ்எஸ் என்பது ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, இணைப்பு, தேதி ஆகியவற்றைக் கணினி படிக்கக்கூடிய பட்டியலாகக் கொடுக்கும் ஏற்பாடு. ஃபீடு என்பார்கள். நூறு தளங்களுக்கு நாம் போய்ப் பார்க்காமல், ஒரு ரீடர் செயலி அவ்வப்போது அந்த நூறு ஃபீடையும் எட்டிப் பார்த்து, புதியதை ஒரே இடத்தில் அடுக்கித் தரும். 2005-ல் வந்த கூகுள் ரீடர் இதைப் பரவலாக்கியது. 2013 ஜூலையில் கூகுள் அதை மூடியது. அப்போது அநாதையானவர்களில் பலர் ஃபீட்லி, இனோரீடர் பக்கம் போனார்கள். அவை இன்றும் ஓடுகின்றன, ஆர்எஸ்எஸ்ஸும் சாகவில்லை. யூடியூப் சேனல்களுக்குக்கூட ஃபீடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

தமிழில் இந்த ஃபீடுகளை வைத்து நடந்த பெரிய முயற்சி தமிழ்மணம். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கியது. அன்றைக்குத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த வலைப்பதிவர்கள் எங்கெங்கோ இருந்தாலும், யார் புதிதாக எழுதினாலும் அது தமிழ்மணத்தின் முகப்பில் வந்துவிடும். எழுதுகிறவருக்கு முதல் ஐம்பது வாசகர் அங்கிருந்துதான் வந்தார்கள். பிறகு வாசகர் வாக்குப் போட்டு மேலே ஏற்றும் வசதி வந்தது, அதோடு "ஓட்டுப் போட்டாச்சு" என்று மட்டும் பின்னூட்டம் போடும் வழக்கமும் வந்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிற திரட்டி, எழுதுகிறவர்கள் நூறு பேராக இருக்கும்வரை அற்புதமாக இருக்கும். ஆயிரமானால் மறுபடி யாராவது பொறுக்கித் தர வேண்டியிருக்கும்.

இனி அந்தத் தமிழ்ச் சிக்கல். ஃபீட்லி, இனோரீடர், கூகுள் அலர்ட்ஸ் போன்றவற்றின் உயிர் சொல் வடிகட்டியில் இருக்கிறது. இந்தச் சொல் வந்தால் எனக்குக் காட்டு, அந்தச் சொல் வந்தால் ஒதுக்கு என்று விதி போடலாம். ஆங்கிலத்தில் இது ஓரளவுக்குச் சரியாக வேலை செய்யும். தமிழில் 'வெள்ளம்' என்று போட்டுப் பாருங்கள். செய்தித் தலைப்பில் 'வெள்ளத்தில்', 'வெள்ளத்தால்' என்றுதான் வரும், முழுச் சொல்லாகத் தேடும் கருவிக்கு அது கண்ணில் படாது. சரி, வேர் மட்டும் கொடுப்போம் என்று 'வெள்ள' என்று சுருக்கினால், எழுத்துத் துண்டாகத் தேடும் கருவி வெள்ளி விலையையும் வெள்ளிக்கிழமை ராசிபலனையும் வெள்ளரிக்காயையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். 'குளம்' போட்டால் 'குளத்தில்' நழுவும், 'குள' போட்டால் குளிர்பானம் வரும். கணினிக்குள் தமிழ் எழுத்து சேமிக்கப்படும் விதம் அப்படி. உயிர்மெய்யில் மெய்யெழுத்துக்கான குறி முதலில், உயிர்க்குறி பின்னால். அதனால் 'ள' என்று தேடினால் 'ளி'யும் 'ளை'யும் அதற்குள் அடக்கம்.

ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். தாம்பரம் 'தாம்பரத்தில்' ஆகிவிடும். ஒருவர் மயிலாப்பூர் என்பார், இன்னொருவர் மைலாப்பூர். தி.நகர், டி.நகர், தியாகராய நகர் மூன்றும் ஒரே இடம். புழல் ஏரியைச் செங்குன்றம் என்றும் ரெட்ஹில்ஸ் என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தச் சில நாட்களில் வெளியான செய்திகளில் புது எழுத்துக்கூட்டலும் இருக்கிறது, பழையதைத் தேடுபவருக்கு அதுவும் ஒரு பொறி.

இதற்குக் கைவைத்தியம்தான். ஒரு விஷயத்துக்கு ஒரு சொல் கொடுக்காமல், வேற்றுமை உருபு ஏறிய ஐந்தாறு வடிவங்களையும் சேர்த்து ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். ஒதுக்க வேண்டிய சொற்களுக்கும் (வெள்ளி, வெள்ளை, வெள்ளரி) ஒரு பட்டியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிறகு மாதம் ஒருமுறை எது நழுவியது என்று பார்த்துத் திருத்திக்கொண்டே போகலாம். அந்தப் பட்டியல் ஒரு வருடத்தில் உங்களிடம் இருக்கும் விலைமதிப்புள்ள பொருளாகிவிடும். செயலியை யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம், அந்தப் பட்டியல் வேறு யாரிடமும் கிடையாது.

எழுத்தாகவே இல்லாத சரக்கு அதற்கும் அப்பால் இருக்கிறது. அரசு அறிவிப்பு ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக வருகிறது. மின்தடை அறிவிப்பு படமாகச் சுற்றுகிறது. கவுன்சிலர் பேசியது யூடியூப் காணொளியின் நாற்பதாவது நிமிடத்தில் கிடக்கிறது. இவற்றையெல்லாம் வடிகட்டி படிக்காது. குறை என்று இதைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவி சுலபமாக எடுத்துத் தருவதை ஆயிரம் பேர் எடுத்துப் போடுவார்கள், அதற்கு வாசகர் சேர மாட்டார்கள். வேளச்சேரியில் எந்தெந்தத் தெருவில் வடிகால் வேலைக்குத் தோண்டியிருக்கிறார்கள் என்று ஸ்கேன் பிடிஎஃப்பைப் படித்து ஒருவர் ஐந்து வரியில் எழுதினால், அந்தப் பகுதியில் கார் வைத்திருக்கும் எல்லோரும் அவரைப் பின்தொடர்வார்கள்.

தமிழ்நாட்டில் தொகுப்புக்கு ஆகப் பெரிய வாசகர் கூட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் காட்டுவேன். அங்கே நோட்டுப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் போட்டித் தேர்வர்களைப் பார்த்திருப்பீர்கள். டிஎன்பிஎஸ்சி 2022-ல் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இவர்கள் எல்லோருக்கும் தினசரி நடப்பு நிகழ்வுகள் வேண்டும். அதற்காக டெலிகிராமில் இருக்கும் சேனல்களுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலானவை ஒரே பிடிஎஃப்பை ஒன்றிலிருந்து இன்னொன்று எடுத்து, மேலே தன் முத்திரையைக் குத்தி வெளியிடுபவை. இந்தக் கூட்டத்திலும் தேர்வர்கள் பெயர் சொல்லி ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் சில சேனல்கள் இருக்கின்றன. அவை செய்வது என்னவென்று பார்த்தால், செய்தியைக் கொடுத்து, அது பாடத்திட்டத்தின் எந்த அலகில் வருகிறது, பள்ளிப் பாடப்புத்தகத்தில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கின்றன. "இது கேட்க மாட்டார்கள், விட்டுவிடுங்கள்" என்றும் சொல்கின்றன. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் ஒருவருக்கு எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிற ஆள் கடவுள் மாதிரி.

இதே இடத்தில்தான் சட்டச் சிக்கலும் வருகிறது. தேர்வர்களுக்கு உதவி என்ற பெயரில் நாளிதழ்களின் இ-பேப்பரை முழுசாகத் தரவிறக்கித் தினமும் டெலிகிராமில் போடுகிற சேனல்கள் உண்டு. இந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரணின் நிறுவனம் இதற்கு எதிராக டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம், அந்தச் சேனல்களை முடக்கவும் நடத்தியவர்களின் விவரத்தைக் கொடுக்கவும் டெலிகிராமுக்கு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 'நான் காசு வாங்கவில்லையே' என்பது பதிலாகாது.

அப்படியானால் எதை எடுக்கலாம்? நடந்த நிகழ்வு யாருக்கும் சொந்தமில்லை. செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் என்ற தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. அதை ஒரு நிருபர் எழுதிய வாக்கியங்களுக்கு உண்டு. விமர்சனம், நடப்பு நிகழ்வைப் பற்றிய செய்தி போன்றவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. தொகுப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டுவந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே 2007 டிசம்பரில் சொன்னது அது. தீர்ப்பின் மூல வாசகத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, உழைத்துச் சேர்த்தேன் என்பது மட்டும் போதாது, பத்தி பிரித்தது, நீதிபதிகளில் யார் உடன்பட்டார், யார் மாறுபட்டார் என்று குறித்தது போன்ற, திறனும் தீர்மானமும் தேவைப்பட்ட சேர்க்கைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. அந்தத் தேர்வுச் சேனல்களில் எதை வாசகர்கள் மதிக்கிறார்கள் என்று சற்று முன் பார்த்தோமே, நீதிமன்றமும் கிட்டத்தட்ட அங்கேதான் கோடு போட்டிருக்கிறது.

நடைமுறையில் இது எளிது. மூலம் எழுதியவர் பெயர், பத்திரிகைப் பெயர், இணைப்பு மூன்றையும் கொடுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அப்படியே எடுக்காதீர்கள். மற்றதை உங்கள் வாக்கில் எழுதுங்கள். உங்கள் குறிப்பைப் படித்தவர் மூலத்துக்குப் போகத் தேவையே இல்லை என்ற அளவுக்குச் சுருக்கம் கொடுத்தால், அது அந்த நிருபரின் வயிற்றில் அடிப்பது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் சுருக்கித் தருகின்றன. தமிழில் அவை எண்களையும் பெயர்களையும் மாற்றிவிடுவதும் உண்டு, ஆகவே மூலத்தோடு ஒப்பிடாமல் போடக் கூடாது. எல்லோர் கையிலும் சுருக்கும் கருவி இருக்கும்போது, சுருக்கம் மட்டும் கொடுப்பவரை யார் தேடி வருவார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது.

சேர்ந்த வாசகர்களை எங்கே உட்காரவைப்பது? சென்னையில் இதற்கு இன்று வாட்ஸ்அப் என்றுதான் பதில் வரும். குழு என்றால் 1,024 பேர் வரைதான், எல்லோருக்கும் எல்லோர் எண்ணும் தெரியும், காலை வணக்கம் வேறு. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பின்தொடர்பவர்களின் எண் உங்களுக்குத் தெரியாது, உங்கள் எண் அவர்களுக்குத் தெரியாது. சேனல் செய்திகளை 30 நாள் வரை மட்டுமே தன் சர்வரில் வைத்திருப்போம் என்றும் வாட்ஸ்அப் அறிமுகத்தின்போதே சொல்லிவிட்டது. அதாவது இரண்டு வருடம் தினமும் தொகுத்தாலும், நாளை அந்த வசதி மாறினால் உங்கள் பழைய வேலையும் கையில் இல்லை, வாசகர் பட்டியலும் கையில் இல்லை.

இப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். நண்பர்கள் பகிர்ந்த இணைப்புகளைத் தொகுத்துத் தந்த நஸல் 2021-ல் மூடியது. ட்விட்டர் 2021-ல் வாங்கிய செய்திமடல் கருவியான ரெவ்யூ 2023 ஜனவரியில் மூடியது. பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்துவைக்க லட்சக்கணக்கானவர்கள் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலையில் போய்விட்டது. ரெவ்யூ, பாக்கெட் இரண்டையும் நடத்தியவை பெரிய நிறுவனங்கள்தான்.

ஆகவே மின்னஞ்சல் முகவரி வாங்குங்கள். நம் ஊரில் மின்னஞ்சலை யார் திறக்கிறார்கள் என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். தினசரிச் செய்திக்கு வாட்ஸ்அப், வாரம் ஒருமுறை அந்த வாரத்தின் தொகுப்பு மின்னஞ்சலில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஓடும். வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் இருந்தால் மின்னஞ்சலுக்கு நூறு பேர் வந்தாலே நல்ல கணக்கு, அந்த நூறு பேர்தான் நாளை வேறு இடத்துக்கு மாறினாலும் கூடவே வருபவர்கள். அனுப்புவதற்கு வெளிநாட்டுக் கருவிகளைத்தான் தேட வேண்டும் என்றில்லை. கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் ஸோஹோவே மின்னஞ்சல் அனுப்பவும் சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடவும் தனித்தனிக் கருவிகள் வைத்திருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு 5,000 மின்னஞ்சலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-லிருந்து கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐந்நூறு பேருக்கு அனுப்புபவரும் அந்த வசதியைக் கொடுப்பது நல்லது. போக விரும்புகிறவரைப் பிடித்துவைத்தால் அவர் உங்கள் அஞ்சலை ஸ்பாம் என்று குறித்துவிடுவார், மற்றவர்களுக்கும் போய்ச் சேராது.

நேரம் குறித்து வெளியிடும் கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை, படகு வந்தது. மாடியில் நின்று ஒரு கோடு சிக்னலைத் தேடுகிற வாசகருக்கு, முன்கூட்டியே ஏற்றிவைத்த "இந்த வார இறுதியில் எங்கே பிரியாணி சாப்பிடலாம்" பதிவு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவியில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த மாதிரி நாட்களில்தான் ஒரு தொகுப்பாளருக்கு நிரந்தர வாசகர்கள் சேர்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஒரு வதந்தி ஊர் முழுக்கப் பரவியது, பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வடிந்த பிறகு, அதை அனுப்பியவர் யார், அனுப்பாமல் "இது உறுதியாகவில்லை" என்று எழுதியவர் யார் என்பது அந்தந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு மறக்கவில்லை. ஃபார்வர்டு செய்வதை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மட்டும் என்று 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு பரவும் வேகத்தைத்தான் குறைக்கும்.

வருமானம் பற்றிச் சுருக்கமாக. மார்கழியில் சபாக்களில் நடக்கும் கச்சேரிகளைத் தேதிவாரியாக, எது இலவசம், எந்தக் கேன்டீன் யார் பொறுப்பு என்றெல்லாம் தொகுத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் கணிசமான கூட்டம் சேரும், விளம்பரமும் கேட்டு வரும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் காசு வாங்கிப் போட்ட வரிக்குப் பக்கத்தில் விளம்பரம் என்று எழுதியாக வேண்டும், 2021-லேயே விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் இதற்கு விதிமுறை வெளியிட்டுவிட்டது. விதி இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். "இந்தக் கேன்டீனில் கீரை வடை பிரமாதம்" என்று நம்பிப் போய் ஆறிப்போன வடை சாப்பிட்ட மாமி அடுத்த வருடம் உங்கள் பட்டியலைத் திறக்க மாட்டார், பத்து பேரிடம் காரணத்தையும் சொல்வார்.

வாசகர் கூட்டம் ஓரளவு சேர்ந்துவிட்டால் சரக்கு எதிர்த்திசையிலும் வரத் தொடங்கும். மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் தெருவில் தண்ணீர் நிற்கும் படம் அனுப்புவார், போரூரிலிருந்து ஒருவர் ஏரிக்கரைப் படம் அனுப்புவார். எந்தக் கருவியிலும் கிடைக்காத சரக்கு இது. உடனே போட்டுவிடத் தோன்றும். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுத்தது, நீங்களே எடுத்ததா என்று மூன்று கேள்வி கேட்டுப் பதில் வந்த பிறகு போடுங்கள். 2015-ல் எடுத்த படங்கள் ஒவ்வொரு நவம்பரிலும் புதுப் படமாகச் சுற்றுகின்றன.